இரண்டாம் படி

எண்பது தாண்டியவர்களுக்கான நூறு மீட்டரில் இந்த வருடம் பிளாரன்ஸ் ஒருத்திதான் ஓடினாள். மேடையில் போட்டோகாரர், "மெடலைக் கடிங்கம்மா" என்றார். பத்தொன்பது வயதில் முதல் மெடலைத் தங்கமா என்று கடித்துப் பார்த்து முன்பல்லை உடைத்துக்கொண்டவள் அவள். அது கழுத்தை இழுக்கும் கனத்த பித்தளை. பிறகு தகரம் வந்தது, இப்போது தங்க நிறம் பூசிய பிளாஸ்டிக். ரிப்பன் மட்டும் வருடா வருடம் அகலமாகிக்கொண்டே போனது. அலுப்போடு பொய்ப்பல்லால் கடித்தாள். மெடல் இரண்டாகப் பிளந்தது.

"பரவால்லம்மா, வெள்ளி சும்மாதான கெடக்கு. அத எடுத்துக்கங்க" என்றார் அமைப்பாளர்.

பக்கத்தில் காலியாக இருந்த இரண்டாம் படியைப் பார்த்தாள். போன வருடம்வரை குணவதி அதில் நின்று மூச்சிரைத்தாள்.

"வேணாம்ப்பா. அத எடுத்தா நான் அவகிட்டத் தோத்த மாதிரி ஆயிடும்."