கைக்குட்டையில் கறை

“பிள்ளைங்களா அதுங்க? கற்பூரம்! சொன்ன உடனே பத்திக்கிச்சு!”

வகுப்பறையிலிருந்து வெளியே வந்தவர் துள்ளாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு முன்னால் போன இருவரும் இதையேதான் சொன்னார்கள். வராந்தாவில் கடைசியாகக் காத்திருந்தவள் கையிலிருந்த படங்களை மறுபடியும் அடுக்கிக்கொண்டாள்.

இருப்பதோ ஒரே ஓர் ஆசிரியர் வேலை. வந்தவர்கள் நாலு பேர். மூன்றாம் வகுப்பில் ஆளுக்கொரு பிரிவைக் கொடுத்து, மாதிரிப் பாடம் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே பாடம்: கேட்க ஒன்றுபோல இருந்து, எழுத்தில் வேறுபடும் சொற்கள்.

‘இந்தத் தடவையும் கோட்டை விட்டுட்டு வந்து நிக்காதடி’ என்று காலையில் அக்கா சொன்னது காதிலேயே குடியிருந்தது.

உள்ளே போனாள். கடைசி பெஞ்சில் தலைமை ஆசிரியை உம்மென்று உட்கார்ந்திருந்தார்.

“இங்க பாருங்க, ஆத்தோரம். இது கரை. சின்ன ‘ர’ போடணும்” என்று படத்தைக் காட்டினாள்.

“ஆ! அப்படியா டீச்சர்!” முன் வரிசை வாயாடி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

“எங்களுக்குத் தெரியவே தெரியாதே!” என்றது பக்கத்துப் பொக்கை வாய்.

சந்தோஷத்தில் டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. “அதே மாதிரி இன்னொரு வார்த்தை இருக்கு...” என்று, மை கொட்டிய கைக்குட்டையைப் பையிலிருந்து எடுத்தாள். அடுத்த வார்த்தை வாயைவிட்டு வரவில்லை. அதற்குள் வாயாடியின் சிலேட்டில் பெரிய ‘ற’வோடு ‘கறை’ அச்சடித்தாற்போல் நின்றது. டீச்சர் பார்ப்பது தெரிந்ததும், உள்ளங்கையால் அவசரமாக மூடிக்கொண்டாள்.

டீச்சருக்குச் சுருக்கென்றது. பேசாமல் மற்ற படங்களை மட்டும் நீட்டினாள். அரைப் பழம். பூட்டிய அறை. ஒரு சிலேட்டிலும் பிசகில்லை.

அடக் கஷ்டமே! இதுங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறதே! வாயை மூடிக்கொண்டு ஒரு கும்பிடு போட்டால் வேலை கைக்கு வந்துவிடும். மனசு கேட்டால்தானே?

நேரே கடைசி பெஞ்சுக்குப் போனாள்.

“மேடம், இந்தப் பாடம் இவங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. நான் புதுசா ஒண்ணும் சொல்லிக் குடுக்கலை. குடுத்த மாதிரி பெருமை அடிச்சுக்க எனக்கு வராது. வேற பாடம் குடுங்க, இல்லேன்னா நான் கெளம்புறேன்.”

சொல்லிவிட்டாள். அக்காவின் முகம்தான் கண்முன் வந்து நின்றது.

தலைமை ஆசிரியை கலகலவென்று சிரித்துவிட்டார்.

“போன மாசமே முடிச்ச பாடம்மா இது! தெரியாத மாதிரியே நடிங்கன்னு நாலு பிரிவுலயும் நான்தான் சொல்லி வெச்சேன். மத்த மூணு பேரும் அவங்க திறமைன்னு நெனச்சுட்டுப் போனாங்க. பிள்ளைங்க சிலேட்டைப் பாத்தது நீங்க ஒருத்தர்தான். நாளைக்கே வந்து சேர்ந்துடுங்க.”

முன் வரிசையிலிருந்து ஒரு விசும்பல் கேட்டது.

“அப்ப நாலு பிரிவுல நாங்க மட்டும்தான் தோத்துட்டோமா மேடம்?” என்றாள் வாயாடி.