வாரம் அரை கிலோமீட்டர்

திங்கள்தோறும் எட்டுப் பையன்களின் முன்னேற்றத்தை எழுதித் தலைமை கிளப்புக்கு அனுப்புவது, கிரிக்கெட் இரண்டாம் அணிப் பயிற்சியாளர் தணிகாசலத்தின் வேலை. பதினோரு வருடமாக எழுதிச் சலித்துவிட்டார். வேகப்பந்து போடும் இசக்கி ஐந்து மாதத்துக்கு முன் சொல்லாமல் கொள்ளாமல் பயிற்சியை விட்டு நின்றபோது, அதற்கொரு விளக்கம் எழுத அலுப்புப்பட்டுப் பெயரை அப்படியே விட்டுவைத்தார். வாராவாரம் அவன் வேகத்தில் அரை கிலோமீட்டர் மட்டும் கூட்டிக்கொண்டு வந்தார்.

இந்தத் திங்கள் தலைமை கிளப்பிலிருந்து போன் வந்தது. "மத்த ஏழு பேரும் ஏறுறாங்க, இறங்குறாங்க. இசக்கி ஒருத்தன்தான் நிதானமா ஏறிட்டே இருக்கான். வியாழக்கிழமை மேட்ச்சுக்கு அவனை அனுப்பிடுங்க சார்."

வெயிலில் வலைக்குள் பந்து போட்டுக்கொண்டிருந்த ஏழு பேரையும் நிமிர்ந்து பார்க்காமல் தணிகாசலம் வண்டியை எடுத்தார். கேஸ் குடோனில் இசக்கி லாரியிலிருந்து சிலிண்டர் இறக்கிக்கொண்டிருந்தான். அவர் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை தோளில் இருந்ததை அவன் இறக்கவில்லை.

"இப்ப நான் என்ன வேகம் போடுறேன் சார்?"

"நூத்தி நாப்பத்தொண்ணு."

இசக்கி சிலிண்டரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, வலது கையை ஒருமுறை சுழற்றிப் பார்த்தான்.