கொழுப்பு

பஸ் ஓட்டும் அக்கா, நூறு கிலோவிலிருந்து எடையைக் குறைக்க மூன்று மாதமாக மூக்கைப் பிடித்துக்கொண்டு புரோட்டீன் பவுடரைக் கரைத்துக் குடித்தாள். இன்று ஸ்கேன் ரிப்போர்ட். பக்கத்தில் தம்பி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"கல்லீரல்ல கொழுப்பு நல்லா குறைஞ்சிருக்கும்மா. நாங்க சொன்ன அளவுக்கு வந்தாச்சு" என்றார் டாக்டர்.

அக்காவுக்கு எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது. தம்பியோ கண்ணைத் துடைத்தான்.

"ரிப்போர்ட் நல்லாத்தானே வந்திருக்கு, ஏன்டா அழறே?"

டாக்டர் அவன் பக்கம் திரும்பினார். "வர்ற புதன்கிழமை ஆபரேஷன். அக்காவோட கல்லீரல்ல ஒரு பகுதியை எடுத்து உங்களுக்கு வெச்சிடறோம்."

அக்கா தம்பியின் மெலிந்த கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு சின்ன வயசுலேர்ந்து திட்டுவியே. உனக்காக அதையும் குறைச்சுட்டேன், போதுமா?"