மூன்று செகண்ட் தாமதம்

“ஆட்டோமேட்டிக் வண்டி. ராத்திரி முழுக்க நின்னா கியர் ஆயில் கீழே இறங்கிடும். அதான் காலையில கியர் போட்டதும் மூணு செகண்ட் கழிச்சு நகருது” என்றார் மெக்கானிக்.

“இன்னைக்குக் காலையில உடனே நகர்ந்துச்சே?”

“அப்ப உங்களுக்கு முன்னாடியே யாரோ ஓட்டியிருக்காங்க.”

வண்டியைக் கொண்டுவந்தவன் முகம் கறுத்தது. “வீட்ல இருக்கிறது அவங்க ஒருத்தங்கதான். அவங்களுக்கு ஓட்டத் தெரியாது. எவன்கூடவோ போயிருக்காங்க. எட்டு வருஷமா என்னைத் தவிர யார்கூடவும் போனதில்ல.”

மெக்கானிக் பேச்சை மாற்றினார். “ஆயில் இறங்காம தடுக்கிற வால்வை மாத்திடவா? தாமதமே இருக்காது.”

“வேண்டாம். அது இருந்தாத்தான் அவங்க திருட்டுத்தனம் எனக்குத் தெரியும்.”

“சரிபண்ணாம கொண்டுபோனா உங்க முதலாளியம்மா திட்டுவாங்களே, டிரைவரே.”

“திட்டட்டும். வேற எந்த டிரைவரையும் திட்டாம என்னை மட்டும் திட்டினாப் போதும்.”