முனைக்கு முனை

கைக்குழந்தையின் தொட்டிலைக் காலால் ஆட்டியபடியே வாசுகி திரையைப் பார்த்தாள். தொற்றுக்காகப் பூட்டிவைக்கப்பட்ட அக்கா தேன்மொழியின் வீட்டுக் காற்றில் பிடித்த வைரஸ் அதில் பெரிதாகச் சுழன்றது. அதன் ஓடு வரம்பைத் தாண்டி அகன்றிருந்தால் இன்னும் தொற்றும் வகை; அந்த வீட்டுக் கதவு திறக்காது.

"அளந்துட்டியாடி?" போனில் தேன்மொழி கேட்டாள்.

"தாண்டித்தான் இருக்குக்கா. இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்கோ."

"மாசக்கணக்கா இதையேதான் சொல்றே. நான் சுவத்தோட பேச ஆரம்பிச்சிட்டேன். இப்பல்லாம் அதுவும் பதில் சொல்லுது. கூடப் பிறந்தவளுக்கு ஒரு வழியும் இல்லையா?"

வழி இருந்தது. அந்த ஓடு முழு உருண்டையல்ல; முனைகளும் தட்டைப் பக்கங்களும் கொண்டது. முனைக்கு முனை அளப்பதுதான் விதி. வாசுகி படத்தை மெல்லத் திருப்பி, எதிரெதிர்த் தட்டைப் பக்கங்களுக்கு நடுவே கோட்டை இழுத்தாள். அகலம் வரம்புக்குள் வந்துவிட்டது. அந்த அளவையே சுகாதாரத் துறைக்கு அனுப்பினாள்.

சற்று நேரத்தில் அவள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது.

"திறடி! உன் பிள்ளையை இன்னும் கண்ணால கூடப் பார்க்கலை. முதல்ல மடியில போட்டுக் கொஞ்சணும்."

வாசுகி தாழ்ப்பாளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, இப்ப வேண்டாம்."

"ஏன்டி, நீதானே அளந்து பார்த்தே?"