பார்க்காத முதுகு

முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த பெண்ணின் எண்ணெய் ஓவியத்தைப் பார்த்ததுமே விமர்சகர் உதட்டைப் பிதுக்கினார்.

"யாரை உட்காரவெச்சு வரைஞ்சே?"

"யாரும் இல்ல சார், கற்பனைதான்," என்றான் ஓவியன் அவசரமாக.

"அதானே பார்த்தேன். எந்தப் பொம்பளைக்காவது இடது தோள் இப்படி இறங்கிக் கிடக்குமா? முப்பது வருஷமா மனுஷ உடம்பைப் பத்தி எழுதிட்டு இருக்கேன். இப்படி ஒரு முதுகைக் கண்ணால பார்த்ததில்ல."

"தப்புதான் சார்."

சட்டென்று ஒப்புக்கொண்டது விமர்சகருக்குப் பிடித்திருந்தது. பயல் திருந்திவிடுவான்.

கூடத்துக்குத் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்த தையல்காரர் ஏணியில் நின்றபடியே, "தப்பில்லீங்க, சரியாத்தான் இருக்கு," என்றார்.

"ஓஹோ. திரை தைக்கிறவர் எல்லாம் கலை பேச ஆரம்பிச்சாச்சா?"

"கலை எனக்கென்னங்க தெரியும்? ஜாக்கெட்டும் தைக்கிறேன். இந்தத் தோளுக்கு எட்டு வருஷமா அரை இன்ச் இறக்கித்தான் வெட்டுறேன். பூங்காவுக்கு எதிர்ல, பச்சை கேட் வீட்டம்மா."

ஓவியன் தரையைப் பார்த்தான்.

பூங்காவுக்கு எதிரே பச்சை கேட் போட்ட வீடு ஒன்றுதான். அதில் விமர்சகரும் அவர் மனைவியும் குடியேறிப் பதினெட்டு வருஷம் ஆகிறது.