குயில் கூவுதா?

ஞாயிற்றுக்கிழமை. இசக்கிபாண்டியும் சுகப்பிரியாவும் ஒரகடத்தில் பஸ் ஏறி, வண்டலூர்க் காப்புக்காட்டுக்குப் பறவை பார்க்க வந்திருந்தார்கள். பனி இன்னும் கலையவில்லை. மரங்கள் பாதித் தூக்கத்தில் நிற்பதுபோல் இருந்தன.

சுகப்பிரியா கணவனின் தோளைத் தொட்டுத் திருப்பினாள்.

"குயில் கூவுது. கேக்குதா?"

அவன் கண்களை மூடிக்கொண்டான். முகத்தில் மெல்லச் சிரிப்பு பரவியது.

"நல்லாக் கேக்குது புள்ள. ஒண்ணு கூவுது, தூரத்துல இன்னொண்ணு பதில் சொல்லுது. கம்பெனியில தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் இரைச்சல்ல கெடந்த காதுக்கு எவ்வளவு சொகமா இருக்கு!"

"இன்னும் கூவுதா?"

அவன் பதில் சொல்லவில்லை. கண்களைத் திறக்காமல் சிரித்தபடியே நின்றான்.

அவள் அழுதுவிட்டாள். அவன் கண் திறந்ததும், அவன் முகத்தை இரு கைகளாலும் ஏந்தி, உதடு தெரிய மெதுவாகச் சொன்னாள்:

"இங்க ஒரு குருவிகூட இன்னும் வாயத் திறக்கல. எத்தன நாளா என் உதட்டப் பாத்தே பதில் சொல்லுதிய?"

அவன் சிரிப்பு நின்றது.

"சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா வேலைய விட்டுத் தூக்கிருவாரு, பிரியா."

"தூக்கட்டும். நாளைக்கு லீவு போடுங்க. காது டாக்டரப் பாப்போம்."

தலையசைத்தான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்:

"நெசமாவே குயில் கூவிச்சுன்னா, எங்கிட்ட சொல்லுவியா?"